எட்டு ஆம்பியர்

விற்றவன் சொன்னது நாற்பத்தைந்து கிலோமீட்டர்.
அது ஜூன் மாதத்துக் கணக்கு.
கிம்லியில் ஜூன் மாதம்
ஆண்டுக்கு ஒன்றுதான் வருகிறது.

ஜூனில், பீட்டர்ஸ்ஃபீல்டு திருப்பம்வரை
பேட்டரியே இழுத்துப் போகும்;
அதன் பிறகுதான் எஞ்சின் கண் விழிக்கும்.
அக்டோபரில் வின்னிபெக் பீச் தண்ணீர்த் தொட்டியிலேயே விழித்துவிடும்.
ஜனவரியில் பொத்தானை அழுத்தியதும்
இருமிக்கொண்டு எழும்.
சூடு வேண்டுமாம்.
எனக்கும்தான்.

வீட்டில் சார்ஜ் போடுவது சுலபம், என்றான்,
சுவரில் செருகினால் போதும்.
யாருடைய சுவர் என்று
அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த ஊர்க் கார்களுக்கு முன்பக்கம் வால் உண்டு.
மைனஸ் முப்பதில் எஞ்சின் உறையாமலிருக்க
எல்லோரும் ராத்திரி ஒரு ஒயரைச் செருகிவிட்டே படுப்பார்கள்.
அதனால் என் ஒயரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
அவர்களுடையது ஒரு வாய் குடிக்கும்,
என்னுடையது விடிய விடியக் குடிக்கும்.
வெளியே தொங்கும்போது இரண்டும் ஒயர்தான்.

எங்களுடையது இரட்டை வீடு.
நடுச்சுவர் ஒன்று, கராஜ் ஒன்று,
கராஜுக்குப் போகும் கம்பியும் ஒன்று.
அந்தப் பக்கம் லாரஸின் ஃப்ரீசர்,
இந்தப் பக்கம் என் கார்.
பதினைந்து ஆம்பியரை நாங்கள் பாகம் பிரித்துக்கொண்டது
எங்கள் இருவருக்குமே தெரியாது.

குளிர்காலம் முழுக்க ஒன்றும் ஆகவில்லை.
எப்படி ஆகும்?
கராஜே ஃப்ரீசராக இருந்தபோது
ஃப்ரீசருக்கு என்ன வேலை?

ஏப்ரலில் கூரை சொட்டத் தொடங்கியது.
ஒரு ராத்திரி ஃப்ரீசர் தூக்கம் கலைந்து முனகியிருக்கிறது,
அந்த நேரம் பார்த்து என் காரும் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.
பிரேக்கர் விழுந்துவிட்டது.
காலையில் பதினொரு சதவீதம் பார்த்தேன்.
காரைத் திட்டினேன்.
பெட்ரோலிலேயே பிராண்டனுக்குக் கிளம்பிவிட்டேன்,
அக்காவின் முழங்கால் அறுவைக்கு, நான்கு நாள்.

திரும்பியபோது முற்றத்தில் கடல்புறாக்கள்.
லாரஸ் கறுப்புப் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தான்.
பனிக்கட்டியில் துளையிட்டு அவன் பிடித்த பிக்கரல்,
தோலுரித்து, துண்டு போட்டு, தேதி எழுதி,
தொண்ணூறு பவுண்டு.
கத்தியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.
"ஒரீசியா, உன் கார்
எத்தனை ஆம்பியர் குடிக்கும்?" என்றான்.
பன்னிரண்டு என்று அப்போதுதான்
கையேட்டைப் புரட்டித் தெரிந்துகொண்டேன்.

எலக்ட்ரீஷியன் ஹூல் வந்தான்.
தனிக் கம்பி, இருநூற்று நாற்பது வோல்ட்,
மூன்று மணி நேரத்தில் வயிறு நிறையும்,
இரண்டாயிரத்து முந்நூறு டாலர்.
பூட்ஸால் தரையை உதைத்துப் பார்த்துச் சொன்னான்:
முதலில் இது இளகட்டும்.

காரின் திரையில், கடிகாரம் திருத்தும் இடத்துக்கும் கீழே,
ஒரு சின்ன வரி.
பன்னிரண்டை எட்டாக்கினேன்.
மாலை ஆறுக்குச் செருகினால்
காலை ஆறுக்கு எண்பத்தெட்டு சதவீதம்.
மீதிப் பன்னிரண்டு
சுவருக்கு அந்தப் பக்கம் மீனாக இருக்கிறது.
எஞ்சின் இப்போது ஐந்து கிலோமீட்டர் முன்னதாகவே விழிக்கிறது,
யாரோ ஒருவரின் குதிரைக் கொட்டகைக்கு எதிரே.
அந்தச் சாம்பல் குதிரைக்கு என்னைத் தெரிந்துவிட்டது.

பிறகுதான் இன்னொன்று தெரிந்தது.
கராஜ் மீட்டர் லாரஸின் பெயரில்.
நவம்பர் முதல் நான் ஓட்டியது அவன் பணத்தில்.
உட்கார்ந்து கணக்குப் போட்டேன்:
மாதம் முப்பது டாலர் சொச்சம், ஆறு மாதம்,
அதோடு தொண்ணூறு பவுண்டு.
கவரில் வைத்து நீட்டினேன்.
எண்ணாமல் மேலுறைப் பையில் செருகிக்கொண்டான்,
சட்டை துவைக்கப் போகும்போது நினைவிருக்குமோ என்னவோ.

மறுநாள் அதே கம்பியில்
ஒரு சிவப்புக் குமிழ் விளக்கை மாட்டியிருந்தான்,
இரண்டு சமையலறை ஜன்னலுக்கும் தெரிகிற உயரத்தில்.
எரிந்தால் கரண்ட் இருக்கிறது.

தரை இளகி மூன்று வாரமாகிறது.
ஹூல் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டான்.
பாத்திரம் கழுவிக்கொண்டே நிமிர்கிறேன்.
எரிகிறது.
எதிர் ஜன்னலில் லாரஸும்
கையில் தட்டோடு நிமிர்கிறான்.